இரண்டு தோட்டங்கள்

‘தோட்டம்’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை, ஒரு கிணறு, ஒரு மாமரம் என்றார். மலேசியத் தமிழரிடம் கேட்டால் இந்தப் பதில் வராது. எங்களுக்குத் தோட்டம் என்றால் ரப்பர். ‘நாங்க தோட்டத்துல இருந்தப்ப’ என்று பாட்டி ஆரம்பித்தால் அந்தக் கதையில் பூ இருக்காது. விடிகாலைப் பெரட்டு இருக்கும், பால்வாளி இருக்கும், கங்காணி, கிராணி, துரை என்று ஆட்கள் வரிசையாக வருவார்கள். பூச்செடியும் கறிவேப்பிலையும் இருந்த இடத்தைப் பாட்டி தோட்டம் என்று சொன்னதே இல்லை. அது வெறும் ‘வீட்டுப் பின்னாடி’.

இந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில். போன வருடம் அம்மாவைத் தேசிய ஆர்கிட் தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். அம்மாவுக்குச் செடி என்றால் உயிர். ஒவ்வொரு தொட்டி முன்னாலும் நின்று, கரித்துண்டு போட்டிருக்கிறார்களா, தேங்காய்மட்டை வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தபடியே வந்தார். குளிர்ச்சியான பனிமூட்டக் கூடம் ஒன்றின் வாசலில் நின்று பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“டான் ஹூன் சியாங். யாருடா இது?”

எனக்குத் தெரியவில்லை. “யாராவது பணக்காரரா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு நடந்தேன். பதில் ஒரு வகையில் சரிதான். ஆனால் வீட்டுக்கு வந்து தேடியபோது அந்தப் பெயர் என்னைப் பூக்களிடமிருந்து நேராக என் பாட்டியின் பால்வாளிக்கு இழுத்துப் போனது.

அந்தப் பூங்காவே ஒரு தோட்டக்கலைச் சங்கத்தின் பிள்ளை. 1859இல் சிங்கப்பூரின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தங்ளின் பகுதியில் நிலம் பெற்று அதை உருவாக்கியது. நிலத்தைக் கொடுத்தவர் வாம்போ என்று அழைக்கப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே. சங்கத்தில் சேர்ந்தவர்கள் ஐரோப்பியர்களும் வசதி படைத்த உள்ளூர்க்காரர்களும். உலாவ நடைபாதை, கேட்க பேண்ட் வாத்தியம், போட்டிக்கு மலர்க்கண்காட்சி, எல்லாம் வைத்துக்கொண்டார்கள். கடனையும் வைத்துக்கொண்டார்கள். சமாளிக்க முடியாமல் 1874இல் பூங்கா அரசாங்கத்தின் கைக்குப் போனது.

1888இல் அதன் இயக்குநராக வந்தவர் ஹென்றி ரிட்லி. இவருடைய வாழ்க்கையில்தான் இரண்டு தோட்டங்களும் ஒன்றையொன்று தொடுகின்றன.

முதலில் பூ. தஞ்சோங் பகாரில் ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண் இருந்தார். 11 பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பத்தில் மூத்த மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் வேலைப்பாட்டிலும் தோட்டக்கலையிலும் பெயரெடுத்தவர். அவர் பர்மாப் பக்கத்து வாண்டா டெரஸ் என்ற ஆர்கிட்டையும் இந்த மண்ணுக்கே உரிய வாண்டா ஹூக்கரியானாவையும் சேர்த்து ஒரு கலப்பினத்தை உருவாக்கினார். ஹூக்கரியானா பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்குச் சதுப்புகளில் களையாக மண்டிக் கிடந்த செடி. ‘கிந்தா களை’ என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆக்னஸ் பூவை ரிட்லியிடம் காட்ட, அவர் 1893இல் லண்டன் தோட்டக்கலை இதழ் ஒன்றில் அதை விவரித்து எழுதினார். ஆக்னஸ்தான் இரண்டையும் கலந்தார் என்று அதில் தெளிவாகவே குறிப்பிட்டார். பூவுக்கு ‘வாண்டா மிஸ் ஜோவாக்கிம்’ என்று பெயரானது. 1899 மலர்க்கண்காட்சியில் அது ஆக்னஸுக்குப் பரிசு வாங்கித் தந்தது. அதே வருடம் ஜூலையில், 45 வயதில், அவர் புற்றுநோயில் இறந்துபோனார்.

அடுத்தது ரப்பர். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போன விதைகளில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. ரிட்லி வந்தபோது அவற்றை ஒருவரும் பெரிதாக மதிக்கவில்லை. காப்பியும் கரும்பும் மரவள்ளியும் பயிரிட்டுக்கொண்டிருந்த முதலாளிகளிடம், ரப்பர் போடுங்கள், ரப்பர் போடுங்கள் என்று அவர் நச்சரித்தார். பார்க்கிறவர்களின் சட்டைப்பையில் விதையைத் திணித்துவிடுவாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வந்தது. ஆனால் அவர் கண்டுபிடித்த விஷயம் விளையாட்டல்ல. காட்டில் ரப்பர் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள். கொத்துப்பட்ட மரம் சீக்கிரம் சீரழியும். ரிட்லி பட்டையை மெல்லிசாகச் சீவச் சொன்னார். அதே காயத்தின் ஓரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகத் திறந்தால் பால் வந்துகொண்டே இருக்கும், மரமும் சாகாது. பட்டை மறுபடி வளரும். ஒரு மரத்தை இருபத்தைந்து, முப்பது வருடம் சீவலாம்.

ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருந்து ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொள்வது. ஆர்கிட் வளர்ப்பவரின் பொறுமையும் இதேதான். ஆனால் ரப்பரில் அந்தப் பொறுமைக்கு ஆள் தேவைப்பட்டது. தினமும் இருட்டில் எழுந்து மரத்துக்கு மரம் போக லட்சக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன.

ரிட்லியின் பேச்சை முதலில் நம்பியவர்களில் ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த பெரானாக்கான் சீனர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் என்று வரலாற்று நூல்கள் அதைத்தான் குறிப்பிடுகின்றன. அவர் பெயர் டான் சே யான். பனிமூட்டக் கூடத்தின் வாசலில் அம்மா வாசித்த டான் ஹூன் சியாங் அவருடைய மகன்.

புக்கிட் லிந்தாங்குக்குப் பிறகு நடந்தது நம் எல்லோருடைய வீட்டுக் கதை. மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை ஏறியது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டினார்கள். 1907இல் இந்தியக் குடிநுழைவுக் குழு அமைந்தது. அதைத் தொடர்ந்து தோட்ட முதலாளிகளின் பணத்தில் கப்பல் கட்டணம் கொடுக்கும் நிதியும் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கில் மலாயாவில் இந்தியர் 6 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்.

இதற்கு நடுவில் 1928இல் சிங்கப்பூரில் ஒரு சின்னச் சங்கம் பிறந்தது. மலாயா ஆர்கிட் சங்கம். தொடங்கியவர்கள் மூன்று பேர்: அப்போதைய பூங்கா இயக்குநர் எரிக் ஹோல்டம், வழக்கறிஞர் ஜான் லேகாக், ஆர்கிட் ஆர்வலர் எமில் கலிஸ்தான். 1931இல் சங்கத்தின் இதழும் வர ஆரம்பித்தது.

இந்தச் சங்கத்தை வெறும் கனவான்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆர்கிட் விதை தூசியைவிடப் பொடி. ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் முளைக்கும் குருத்துக்குத் தேவையான உணவு விதைக்குள் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டிவிட்டால்தான் முளைக்கும். அதனால் கலப்பினம் உருவாக்குவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. ஆசைப்பட்டவர்கள் காட்டுக்குள் ஆள் அனுப்பி மரத்திலிருந்து பிடுங்கி வந்தார்கள். 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் ஒரு வழி கண்டார். கண்ணாடிக் குடுவையில் கடற்பாசிக் கூழும் சர்க்கரையும் உப்புச்சத்தும் வைத்து, கிருமி புகாமல் விதையைத் தூவினால் பூஞ்சை இல்லாமலே முளைக்கும். ஹோல்டம் இந்தக் குடுவை முறையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். அப்படி வளர்ந்து 1932இல் முதலில் பூத்தது ‘ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ்’ என்ற தரை ஆர்கிட். அதன் பிறகு சங்க உறுப்பினர்கள் மகரந்தம் சேர்த்தார்கள், பூங்காவில் குடுவை வைத்தார்கள், கன்றுகள் வீடு வீடாகப் போயின. இன்றைக்கு மலர்க்கடையில் நாம் வாங்கும் ஆர்கிட் கொத்துக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

சங்கம் இன்னொன்றையும் செய்தது. எழுதி வைத்தது. ஆர்கிட் உலகத்தில் கலப்பினத்தைப் பதிவு செய்யும் வழக்கம் உண்டு. தாய்ச்செடி எது, தந்தைச்செடி எது, கலந்தவர் யார், வருடம் என்ன, எல்லாம் பதிவாகும். ஒரு செடியின் பாட்டன், பூட்டன் வரைக்கும் தேடிப்போகலாம்.

என் பாட்டிக்குத் தன் பாட்டியின் பெயர் தெரியாது.

சங்கத்தின் இதழ் வெளிவரத் தொடங்கிய வருடங்கள் தோட்டத்தில் எப்படி இருந்தன? 1920களின் இறுதியில் அரசாங்கம் நிர்ணயித்த கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை தரையில் விழுந்தது. கூலியைக் குறைத்தார்கள். அதுவும் போதாமல் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆயிரம் ஆயிரமாகத் திரும்பிப் போனார்கள். அதே காலத்தில்தான் பிரிம்ரோஸ் பூத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆர்கிட் வளர்த்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. பூ பூத்ததால் யாருடைய கூலியும் குறையவில்லை. நான் கவனிப்பது வேறு. ஒரே காலம், ஒரே மண், ஒரே பூங்காவிலிருந்து கிளம்பிய இரண்டு செடிகள். ஒன்றைப் பற்றி ஒவ்வொரு இதழும் இருக்கிறது. மற்றொன்றைச் சீவியவர்கள் செக்ரோலில் ஒரு வரி. அந்த வரியிலும் பெயர் கிராணியின் காதில் விழுந்த மாதிரிதான் இருக்கும்.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் காலத்தில் ஹோல்டம் பூங்காவிலேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர அனுமதிக்கப்பட்டார். ஜப்பானிய அறிவியலாளர்கள் பூங்காவைக் காப்பாற்றினார்கள். ஆர்கிட்டுகள் பிழைத்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களின் பெயர்ப்பட்டியல் முழுதாக எங்கும் இல்லை. போர்க்கைதிகளாக இறந்த நேச நாட்டு வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன.

போருக்குப் பின் ஆர்கிட் சங்கத்தின் பொற்காலம். ஜான் லேகாக் 1950களின் தொடக்கத்தில் மண்டாயில் ஒரு ஆர்கிட் தோட்டம் போட்டார். 1953இல் ஹோல்டம் மலாயா ஆர்கிட்டுகளைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். 1954இல் லண்டன் செல்சி மலர்க்கண்காட்சிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு புதிய வாண்டா போனது. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். முதல் தரச் சான்றிதழ் வாங்கியது. அதை உருவாக்கியவர் டான் ஹூன் சியாங். பூவுக்குத் தன் தகப்பனார் பெயரை வைத்திருந்தார்: வாண்டா டான் சே யான்.

இதைப் படித்தபோது திரையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கொள்ளுத்தாத்தா மலாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். எங்கிருந்து கிளம்பினார், எந்த வருடம் வந்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவர் வருவதற்குக் காரணமான மரத்தை முதலில் வரிசையாக நட்ட மனிதரின் பெயரில் ஒரு பூ இருக்கிறது. மகன் தகப்பனுக்குச் செய்த மரியாதை அது. அழகான மரியாதை. எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் பொறாமைதான் வந்தது.

ஆனால் லயத்து வீடுகளுக்குப் பின்னாலும் ஒரு தோட்டக்கலைச் சங்கம் இருந்தது. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை. முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, அரளி, மல்லி, நந்தியாவட்டை, துளசி. அத்தனையும் வருடக்கணக்கில் நின்று காய்க்கிற, பூக்கிற செடிகள். ஆறு மாதத்தில் பட்டுப்போகும் அலங்காரச் செடிக்கு லயத்தில் இடமில்லை. முருங்கை என்றால் ஒரு போத்து வெட்டிக் கொடுப்பார்கள். மல்லி என்றால் கொடியை வளைத்து மண்ணில் பதியம் போட்டு, வேர் விட்டதும் வெட்டிக் கொடுப்பார்கள். கறிவேப்பிலைக்கு அடியில் முளைத்த கன்று. கல்யாணமாகி வேற தோட்டத்துக்குப் போகிற பெண்ணின் டிரங்குப் பெட்டியோடு ஈரத்துணியில் சுற்றிய ஒரு குச்சியும் போகும்.

தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானபோது மக்கள் பலகை வீட்டுக்கும், பிறகு அடுக்குமாடிக்கும் போனார்கள். லயத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குச்சியை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு முருங்கை அப்படி மூன்று இடம் மாறிய மரம். போத்து என்பது புது மரம் இல்லை, கவனியுங்கள். விதையில் முளைத்தால்தான் புதுப் பிறவி. போத்தில் வளர்வது அதே மரம், இடம் மாறி நிற்கிறது. பாட்டி தொட்ட மரத்தைத்தான் இன்றைக்கு அம்மா தொட்டியில் வைத்து ஒடித்துக் குழம்பில் போடுகிறார்.

ஆக்னஸின் பூவும் இதே கதைதான். வாண்டா மிஸ் ஜோவாக்கிம் பரவியது விதையால் அல்ல. தண்டை வெட்டி வெட்டித்தான். வெயிலில் கட்டைக்குக் கட்டை கட்டிவிட்டால் போதும், வளர்ந்துவிடும். ஹவாய் வரைக்கும் போய் அங்கே மாலை கட்டும் தொழிலுக்கே ஆதாரமானது. 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலரானது. 1893இல் ரிட்லி பார்த்த அந்த ஒரு செடிதான் கை மாறிக் கை மாறி இன்னும் உயிரோடு நிற்கிறது.

செடி பிழைத்த மாதிரி ஆக்னஸின் பெயர் சுலபமாகப் பிழைக்கவில்லை. பூவின் பெயரில் அவர் இருந்தார், ஆனால் உருவாக்கியவர் என்ற இடத்திலிருந்து மெதுவாக நகர்த்தப்பட்டார். மூங்கில் புதருக்குள் தற்செயலாகக் கண்டெடுத்தாராம், வண்டு கலந்திருக்கும், ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அதெல்லாம் தெரிந்திருக்குமா என்று பேச்சு வந்தது. ரிட்லி எழுதிய வாக்கியத்தையே சந்தேகப்பட்டார்கள். ஆக்னஸின் பக்கத்திலிருந்து எழுத்தாக எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. வரலாற்றாய்வாளர் நாடியா ரைட், ஆக்னஸின் குடும்ப வழியில் வந்த ஒருவர், இன்னும் சிலர் சேர்ந்து பல வருடம் ஆவணங்களைத் தோண்டி வாதிட்டார்கள். 2016இல்தான் சிங்கப்பூரின் அதிகாரபூர்வத் தரப்பு ஆக்னஸ் ஜோவாக்கிம்தான் அதை உருவாக்கியவர் என்று ஏற்றுக்கொண்டது. ஒரு பூவுக்குத் தன் பெயரே இருந்த பெண்ணுக்கு இந்த நிலைமை. அதுவும் ரிட்லி எழுதி வைத்த சில வரிகள் இருந்ததால் கிடைத்த நியாயம். அந்த வரிகளும் இல்லாதவர்களுக்கு?

நம்முடைய வரலாற்றை எழுதும்போது நாம் பெரும்பாலும் கூலி, கங்காணி, சயாம், சாராயம், தீம்புனல் மாதிரி ஓடிய கண்ணீர் என்று போய்விடுகிறோம். அவையெல்லாம் உண்மை, எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒண்டுக்குடித்தனத்து லயத்துக்குப் பின்னால் மல்லிக்குப் பந்தல் போட்ட மனுஷியை யார் எழுதுவது? பத்து மணி நேரம் அடுத்தவர் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து, பொழுது சாயும் நேரத்தில் தன் செடிக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அவளை வெறும் பாதிக்கப்பட்டவளாக மட்டும் ஞாபகம் வைத்திருந்தால் அவளுடைய ருசியை, பிடிவாதத்தை, அழகுணர்ச்சியை நாமும் செக்ரோலில் விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

ஆர்கிட் தோட்டத்துக்குப் போய் வந்த அடுத்த வாரம், விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் செடிகளைப் பட்டியல் போட உட்கார்ந்தேன்.

“இது என்ன மல்லிம்மா?”

“பெரியத்தை மல்லி.”

“வகையைக் கேட்டேன்.”

“அதான் சொல்றேன், பெரியத்தை குடுத்தது. அந்தா இருக்குல்ல, அது டிரைவர் மாமா வீட்டுச் செம்பருத்தி. இந்த முருங்கை மூணாவது லயத்துப் பாட்டி குடுத்த போத்து. உங்க பாட்டிக்குக் கல்யாணம் ஆனப்ப.”

பதிவேடு இருந்திருக்கிறது. எல்லாச் செடிக்கும் கொடுத்தவர் பெயர்தான் பெயர். தாய்ச்செடி எது, எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது, எந்தக் காலத்தில் என்பது வரை அம்மாவின் வாயில் இருக்கிறது. வாயில் மட்டும்தான் இருக்கிறது.

“மூணாவது லயத்துப் பாட்டி பேரு என்னம்மா?”

அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு யோசித்தார். “பாட்டின்னுதான்டா கூப்புடுவோம்.” பிறகு, “பெரியத்தைக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டுப் பார்ப்போம்” என்றார்.

பெரியத்தைக்கு 84 வயது. அன்று சாயங்காலமே நோட்டோடு கிளம்பினோம்.